சக்கரம் கழற்றிய வீடுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டிரெய்லர் என்றதும் நமக்கு, டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றி ஆடி ஆடி வரும் பெட்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது வீடு. ஏறத்தாழ 2 கோடிப் பேர் அங்கே அந்த வகை வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

தொடக்கம் என்னவோ உல்லாசப் பயணம்தான். டெட்ராய்ட் நகரில் ஆர்தர் ஷெர்மன் என்றொரு நுண்ணுயிரியலாளர். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் மடக்குக் கூடாரம் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு போனார். மழை பிடித்துக்கொண்டது, கூடாரம் சொன்னபடி விரியவில்லை. அந்தக் கடுப்பில் பலகைச் சுவர் வைத்த பெட்டி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். 1929-இல் அதையே தொழிலாக்கினார். 1936-க்குள் அந்தத் துறையில் அவருடைய ‘கவர்டு வேகன்’தான் முதலிடம்.

அழகான டிரெய்லர்களும் வந்தன. அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய விமானம் உருவானபோது, அந்தக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் ஹாலி பவுலஸ். அதே கைப்பழக்கத்தில் 1934-இல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து டிரெய்லர் செய்தார். வாலி பையம் 1936-இல் வெளியிட்ட ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ அதன் வழிவந்ததுதான். படம் எடுப்பவர்கள் எல்லாரும் அந்த வெள்ளி முட்டையைத்தான் எடுக்கிறார்கள். என் மனம் நிற்பது வேறிடத்தில்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளைச் சுற்றித் தொழிலாளர்கள் குவிந்தார்கள், தங்க இடமில்லை. அரசே ஆயிரக்கணக்கில் டிரெய்லர்களை வாங்கி நிறுத்தியது. போர் முடிந்தும் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. பயணப் பெட்டி குடித்தனமாகிவிட்டது.

ஆனால் அகலம் 8 அடிதான், சாலைச் சட்டம் அவ்வளவுதான் அனுமதித்தது. ரயில் பெட்டி மாதிரி வீடு என்போமே, அதற்கும் குறுகல். கடைசி அறைக்குப் போக வேண்டுமானால் நடு அறையில் தூங்குபவரைத் தாண்டித்தான் போக வேண்டும். 1950-களின் நடுவில் விஸ்கான்சினைச் சேர்ந்த எல்மர் ஃப்ரே 10 அடி அகலத்தில் கட்டினார். கூடுதலாக வந்தது 2 அடிதான். அதில் ஓரமாக ஒரு நடைவழி வந்தது. படுக்கையறைக்குக் கதவு வந்தது. கணவன் மனைவிக்கும் வளர்ந்த பெண்ணுக்கும் தனித்தனி மறைவு கிடைத்தது. அந்த வெள்ளி முட்டையைவிட இந்த 2 அடியைத்தான் நான் பெரிய வடிவமைப்பு என்பேன். அன்றோடு அது சொந்தக் காரில் இழுக்கும் பொருளாகவும் இல்லை. லாரி வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 1974-இல் வந்த கூட்டரசுச் சட்டம், இந்த வீட்டுக்கு நிலையான இரும்புச் சேசிஸ், அதாவது சக்கரம் பூட்டும் அடிச்சட்டம், இருந்தாக வேண்டும் என்றது. ஆனால் பெரும்பாலானவை ஒருமுறை இறக்கிவைத்தால் பிறகு நகர்வதே இல்லை. பலருக்கு வீடு சொந்தம், தரை வாடகை. நம் ஊரில் கோயில் நிலத்தில் குடியிருப்பவர்கள் இதை அடிமனை வாடகை என்பார்கள். வாடகை ஏறினால் வீட்டைப் பெயர்த்துப் போகலாமே என்று கேட்கலாம். அதற்குப் பல ஆயிரம் டாலர் வேண்டும்; பழைய வீடு வழியிலேயே உடைந்தும் போகலாம். சக்கரத்தை நம்பி வாங்கியவர்கள் அசைய முடியாமல் நிற்கிறார்கள். நிலக்காரர் மனையை விற்றுவிட்டால் அவர்கள் கதி என்ன?

1984-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் என்ற ஊரில் 13 குடும்பங்கள் இந்த நிலைக்கு வந்தன. அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். ஒரு சமூகக் கடன் நிதியத்திடம் கடன் வாங்கினார்கள். காலுக்குக் கீழே இருந்த நிலத்தைத் தாங்களே வாங்கினார்கள். இன்று அந்தச் சிறு மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இப்படிக் குடியிருப்பவர்களுக்கே சொந்தம்.