படம் பிள்ளைக்கு, கணக்கு பெரியாளுக்கு! க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டும் 21 ரூவா பொம்மையும்

வணக்கம் மக்கா, சாப்ட்டியளா? ஃபேன அமத்திட்டுத்தான் உக்காந்திருக்கேன். வேர்த்து ஊத்துது. ஏன்னு பொறவு சொல்லுதேன்.

போன வீடியோல மால்ட் பவுடரப் பத்திப் பேசினோம்லா? ‘ஹெல்த் ட்ரிங்க்’னு சட்டத்துல ஒரு வகையே கெடையாது, 2024 ஏப்ரல்ல ஆன்லைன் கடைகள்ல அந்தத் தலைப்புல இருந்து எடுக்கச் சொன்னாவன்னு. கீழ பாதிப் பேரு கேட்டது, “அப்போ சாயங்காலம் பிஸ்கட் குடுக்கலாமா?” அதுக்குத்தான் இந்தப் பாக்கெட்டு. ஆனா அதுக்கு முன்னால பைபாஸ்ல கட்டிருக்க ஒரு பேனர். கடை பேரு வேண்டாம். பர்கர், உருளைக்கிழங்கு பொரிச்சது, கூல்ட்ரிங்க்ஸ், கூட ஒரு பொம்மைக் காரு ‘இலவசம்’. 249 ரூவா.

அதே போர்டுலயே தனித்தனி வெல இருக்கு. பர்கர் 99, கிழங்கு 79, கூல்ட்ரிங்க்ஸ் 50. கூட்டுங்க. 228. அப்போ அந்த இலவசக் காரோட வெல 21 ரூவா. நம்ம நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுல ரதவீதில தரைல விரிச்சு வச்சிருப்பாவ, அந்தக் காரு. 21 ரூவாய இலவசம்னு சொல்லுததுக்கு ஒரு தைரியம் வேணும் பாத்துக்கிடுங்க. சரி, 21 ரூவா போவட்டும்னு விட்டா, கீழ பொடி எழுத்துல ‘மொத்தம் 6 கார், வாரம் ஒன்று’ன்னு இருக்கு. 249-ஐ ஆறால பெருக்குங்க, 1,494. இது பரிசா? வருகைப் பதிவேடு! ஒரு காரு வாங்கிட்டா மிச்சம் அஞ்சையும் கேக்கப் போறது கடைக்காரன் இல்ல, ஒங்க வீட்டுப் பிள்ளை.

2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டுருக்கு. பிள்ளையளுக்குன்னு உள்ள சேனல், நிகழ்ச்சியில சிப்ஸ், சோடா வெளம்பரம் கூடாது. இலவசப் பொருளக் காட்டி பிள்ளையளத் தேவையில்லாம வாங்க வைக்குத வெளம்பரத்த ஊக்கப்படுத்தக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. இருந்தும் பேனர் நிக்குதுல்லா?

“பிள்ளைக்கு வாங்கிக் குடுக்கது தாய் தகப்பன்தானே, கம்பெனி என்ன செய்யும்”னு ஒரு கச்சி. எனக்கு அதுல பாதிதான் சம்மதம். பணம் தாய் தகப்பன் பையில இருக்கு, ஆனா வெளம்பரம் பேசுதது அவியகிட்ட இல்ல, மூணடி ஒயரத்துல நிக்க ஆளுகிட்ட. அதனாலதான் பில் போடுத எடத்துல, பிள்ளை கைக்கு எட்டுத கீழ்த் தட்டுல மிட்டாய் இருக்கு. அங்கன போய் ‘வேண்டாம்’னு மல்லுக்கட்டினா தோக்கத்தான் செய்யும். மளிகைச் சீட்டு எழுதும்போதே முடிக்க வேண்டிய சண்டை அது.

சரி, பாக்கெட்டு. பின்னால திருப்புங்க. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், போன் கேமராவ வச்சுப் பெருசாக்கிப் பாருங்க. இதுல 100 கிராமுக்குச் சேர்த்த சீனி 36 கிராம். பக்கத்துல ஒரு பரிமாறலுக்குன்னு, அதாவது 20 கிராம் பிஸ்கட்டுக்கு, ஒரு நாள் அளவுல 14 சதவீதம்னு போட்டுருக்கு. 14-ஐப் பாத்ததும் மனசு லேசாயிருமா? எனக்குக் கோவம்தான் வருது. அந்தச் சதவீதம் யாருக்குப் போட்ட கணக்கு தெரியுமா? 2020 லேபிள் விதிப்படி 2,000 கிலோகலோரி சாப்பிடுத பெரிய ஆளுக்கு. அவருக்கு ஒரு நாளைக்குக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22, சேர்த்த சீனி 50, சோடியம் 2,000 மில்லிகிராம். முன்னால கார்ட்டூன் பொம்மை, பின்னால மீசை வச்ச ஆளுக்குக் கணக்கு! கம்பெனி விதிய மீறல, விதியே அப்பிடித்தான்.

பிள்ளைக்கு நாமளே போடுவோம். 4 முதல் 6 வயசு வரைக்கும் ஒரு நாளைக்குச் சுமாரா 1,360 கிலோகலோரி. சேர்த்த சீனி அதுல 10 சதவீதத்தத் தாண்டக் கூடாது, 5-க்குள்ள நின்னா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது. 5 சதவீதம்னா 68 கிலோகலோரி. ஒரு கிராம் சீனிக்கு 4, அப்போ 17 கிராம். இந்தப் பாக்கெட்டு முழுசும் 60 கிராம். சீனி 21.6. அந்த 20 கிராமோட நிறுத்துத பிள்ளை எந்தத் தெருவுல இருக்கு?

இப்போ தராசுல காட்டுதேன். கிண்ணத்துல 22 கிராம் சீனி அளந்து... 63-ன்னு காட்டுதே. ஐய, கிண்ணத்த வச்சிட்டு டேர் பட்டன அமுக்கல. எப்பவும் முதல்ல வெறும் கிண்ணம், பொறவு டேர், சைபர் வந்தபொறவுதான் சீனி. இப்போ... ஆங், 22. ஃபேன் ஓடினா காத்துக்கு இந்த எண்ணு ஒரு கிராம் ரெண்டு கிராம் ஆடிக்கிட்டே இருக்கும், அதான் இந்த வேர்வை. தராசு இல்லாதவிய தலைதட்டின டீஸ்பூன் ஒன்னுக்கு 4 கிராம்னு வைங்க. அஞ்சரை ஸ்பூன். குமிச்சு அள்ளாதிய, அது 6, 7 போயிரும்.

ஒன்னு விட்டுட்டேன். சேர்மானப் பட்டியல் எடை கூடினதுல இருந்து கொறஞ்சதுக்கு வரும். சீனின்னு ஒரே பேருல எழுதினா மேல வந்துரும். அதனால இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ்னு பிரிஞ்சு நின்னா ஒவ்வொன்னும் கீழ எறங்கிரும். எல்லாத்தையும் ஒரே ஆளாப் பாருங்க. மால்டோடெக்ஸ்ட்ரின்னு மாவுச்சத்துல இருந்து எடுக்குத ஒரு பவுடரு, அது சீனிக் கணக்குல வராது, ஆனா ரத்தத்துல வேகமா குளுக்கோஸாயிரும். கருப்பட்டி பிஸ்கட்டு வாங்குதவிய சந்தோசப்படாதிய, ஒடம்புக்குக் கருப்பட்டியும் சேர்த்த சீனிதான். நம்ம ஊரு அல்வாவையும் நான் காப்பாத்தப் போறதில்ல. ஆனா அல்வா காரு குடுக்காது, கார்ட்டூனும் போடாது.

பிள்ளைக்கு எடை கூடுதலான்னு பாக்க பெரியாளு பி.எம்.ஐ. கணக்க, அதாவது ஒயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கத் தூக்கிட்டு வராதிய. 6 வயசுக்கு மேல ஒரு நூலு போதும். உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் நூல அளந்து வெட்டுங்க, ரெண்டா மடிங்க, இடுப்புல சுத்துங்க. நுனி ரெண்டும் சேரலன்னா இடுப்பு ஒயரத்துல பாதியத் தாண்டிட்டுன்னு அர்த்தம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்ச விட்டபொறவு அளக்கணும். டவுசர் பெல்ட்டுக்கு மேல அளந்தா தப்பா வரும், வயித்த எக்கிக்கிட்டு நின்னாலும் தப்பு.

அதோட கழுத்துப் பின்னாலயும் அக்குள்லயும் பாருங்க. வெல்வெட்டு மாதிரி கறுப்பாத் தடிச்சிருந்தா அழுக்குன்னு பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காதிய, பிள்ளைக்குத் தோலுதான் எரியும். இன்சுலின் சரியா வேலை செய்யலங்கதுக்கு அது ஒரு அடையாளமா இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஒங்க பிள்ளை டாக்டர்ட்டயோ கூட்டிட்டுப் போங்க. 5 முதல் 18 வரைக்கும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தோட 2015 சார்ட்டு இருக்கு, ஆணுக்கு வேற, பெண்ணுக்கு வேற, அதுல புள்ளி வச்சுச் சொல்லுவாவ. பட்டினி மட்டும் போட்டுராதிய. வளருத வயசுல எடைய அப்பிடியே நிறுத்தினாலே ஒயரம் ஏறும்போது பல பேருக்குச் சரியாயிரும்.

வீட்டுக்குள்ள செய்ய வேண்டியது இதுதான். என்ன, எப்போ, எங்கன சாப்பிடணும்கது பெரியவிய கையில. எவ்வளவுங்கது பிள்ளை கையில. சாயங்காலம் நாலரைக்கு அவிச்ச தட்டாம்பயறு, சுண்டல், தை மாசம்னா பனங்கிழங்கு. டிவிய அமத்திட்டுத் தட்டுல வைங்க. மிச்சம் வச்சா வச்சிட்டுப் போவட்டும், “தட்டக் காலி பண்ணு”ங்காதிய. பிஸ்கட் வேணும்னா மூணு, தட்டுல எண்ணி. பாக்கெட்டக் கையில குடுக்கக் கூடாது. லாபம்னு குடும்பப் பாக்கெட்டு வாங்குததுதான் பெரிய நட்டம், அது வீட்டுல இருக்கது வரைக்கும் பிள்ளை ஒறங்காது. “அழாத, சாக்லேட் வாங்கித் தாரேன்”, இத ஆச்சியளும் நிறுத்தணும். அழுதா சாக்லேட்டு வரும்னு அத வச்சுத்தான் பிள்ளை படிக்கு. வேற எதுவும் படிக்கல.

பள்ளிக்கூடத்துக்கு ஒன்னு. கேட்டுல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, சீனி, உப்பு கூடின தீனி விக்கவும் கூடாது, வெளம்பரம் வைக்கவும் கூடாது, 2020 விதி. பெரியாளு நடைக்குச் சுமாரா 67 எட்டு. பாளையங்கோட்டைல மூலைக்கு மூலை பள்ளிக்கூடம், நாளைக்குக் கொண்டுவிடப் போகும்போது எட்டு வச்சுப் பாத்து, எத்தன கடை வருதுன்னு கமென்ட்ல எண்ண மட்டும் போடுங்க, கடை பேரு வேண்டாம்.

ஃபேனப் போடப் போறேன். அடுத்த வாரம் தக்காளி சாஸ் பாட்டிலு.