பரண்மேல் இருக்கும் பெட்டி டிவி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. என் அலமாரியைக் குடைந்து ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டாள். பட்டாசுத் துப்பாக்கி இல்லை. பழைய டிவி கேமோடு வந்தது, வால் மாதிரி நீளமான ஒயர் உள்ளது. வாத்து சுடுகிற ஆட்டம் வேண்டும் என்றாள். கூடத்தில் இருக்கும் 43 இன்ச் எல்இடி டிவியில் மாட்டிக் கொடுத்தேன். வாத்து விழாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதைவிட அவளே பார்ப்பது நல்லது என்று நினைத்தேன். வாத்து பறந்தது, சுட்டாள், விழவில்லை. திரையில் துப்பாக்கியின் மூக்கு உரசும் அளவுக்குப் பக்கத்தில் போய்ச் சுட்டாள், அப்போதும் விழவில்லை. "மாமா, துப்பாக்கி கெட்டுப்போச்சு" என்று கீழே வைத்துவிட்டாள்.

துப்பாக்கி கெடவில்லை. அத்தானும் நானும் பரணிலிருந்து 14 இன்ச் பெட்டி டிவியை இறக்கினோம். 2006-லிருந்து தமிழக அரசு வீடு வீடாக இலவசமாகக் கொடுத்ததே, அந்தக் கலர் டிவிதான். தூசி துடைத்து, சுவிட்சைப் போட்டதும் டியூப் சூடாகிப் படம் வரச் சில நொடிகள் ஆயின. அதே கேம் பெட்டி, அதே கேசட், அதே துப்பாக்கி. முதல் சூட்டிலேயே வாத்து விழுந்தது.

அது ஏன் என்று அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. உள்ளே ஒரு லென்சும், வெளிச்சத்தை உணரும் சின்ன டயோடும் இருக்கின்றன. நீங்கள் விசையை அழுத்தியவுடன் கேம் பெட்டி திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்றைக் காட்டும். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று துப்பாக்கி பார்த்தால் குறி சரி. இரண்டு வாத்து பறந்தால் முதல் வாத்துக்கு ஒரு கணம், இரண்டாவதற்கு அடுத்த கணம். எந்தக் கணத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்தே எந்த வாத்து விழ வேண்டும் என்று பெட்டி முடிவு செய்யும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1984-ல் வெளியிட்ட டக் ஹண்ட் என்ற வாத்து ஆட்டம் இப்படித்தான் வேலை செய்கிறது. எல்லாம் நம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிக்சர் டியூப் வைத்த டிவியில் சிக்னல் உள்ளே வரும்போதே எலக்ட்ரான் கதிர் அதைக் கோடு கோடாகக் கண்ணாடியில் வரைந்துவிடும். வாங்கி வைத்து, யோசித்து, பிறகு காட்டுவது என்ற பேச்சே அதில் இல்லை. புது டிவி அப்படி இல்லை. வந்த படத்தை முதலில் தன் நினைவகத்தில் எடுத்துவைத்து, பெரிதாக்கி, மெருகேற்றி, அதற்கப்புறம்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்க்க வேண்டிய கணம் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, நின்டெண்டோவின் அசல் துப்பாக்கி டியூப் டிவியின் கோடுகள் ஓடும் வேகத்தில் துடிக்கிற வெளிச்சத்தை மட்டும் ஏற்கும்படி செய்யப்பட்டது. எல்இடி டிவியின் வெளிச்சம் அந்தக் கணக்கில் துடிப்பதில்லை.

பல வருடங்களாகப் பழைய டிவி கேம்களைச் சேர்த்து, பழுது பார்த்து வருகிறேன். அதில் நான் கண்டுகொண்டது, அந்த ஆட்டங்கள் பாதி பெட்டியிலும் பாதி டிவியிலும் இருக்கின்றன என்பதுதான்.

1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டி வெளிவந்தது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் மசாயுகி உவெமுரா. பிற்காலத்தில் கியோட்டோவில் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருந்தார், 2021 டிசம்பரில் காலமானார். அவர் செய்த பெட்டியில் வேலை நினைவகம் 2 கிலோபைட். சூப்பர் மரியோ கேசட் முழுவதும் 40 கிலோபைட்தான். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு குட் மார்னிங் படம் அதைவிடப் பெரியது. அந்த இடத்துக்குள் எட்டு உலகங்களை அடைத்தார்கள். மரியோவில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. தெரிந்த பிறகு ஒருமுறை விளையாடிப் பாருங்கள், அவர்களுடைய சிக்கனத்தின் மேல் மரியாதை வந்துவிடும்.

அந்தச் சிக்கனத்துக்கு டிவியின் கண்ணாடியும் கைகொடுத்தது. ஃபேமிகாமில் ஒரு கிடைமட்டக் கோட்டில் எட்டு நகரும் பொருள்களுக்கு மேல் வரைய முடியாது. எதிரிகள் கூடும்போது ஒருமுறை இவரை விட்டு, மறுமுறை அவரை விட்டு மாற்றி மாற்றி வரைவார்கள். டியூப் டிவியில் அது லேசான மினுமினுப்பு, அவ்வளவுதான். புது டிவிகளில் பல இந்தப் பழைய சிக்னலைத் தப்பாகப் புரிந்துகொண்டு அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகின்றன. அப்போது உருவம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். சேகா என்ற இன்னொரு நிறுவனம் 1991-ல் வெளியிட்ட சோனிக் ஆட்டத்தில் ஓர் அருவி வரும். அசலில் அது வெறும் செங்குத்துக் கோடுகள். மஞ்சள் பின் ஒயர் வழியாக டியூப் டிவிக்கு வரும்போது கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். துல்லியமான திரையில் பார்த்தால் கம்பி வேலிதான் தெரிகிறது.

நம் ஊருக்கு அசல் ஃபேமிகாம் வந்தது குறைவு. தொண்ணூறுகளில் வீட்டில் இருந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். 9999999 கேம் என்று அட்டையில் போட்டிருக்கும் கேசட்டில் நிஜமாக இருப்பது கொஞ்சம் ஆட்டங்கள்தான், மீதி அதே ஆட்டம் வேறு பெயரில் வரும். பெட்டியைத் திறந்தால் சிப் கண்ணுக்குத் தெரியாது, கறுப்புப் பிசினில் ஒரு பொட்டுதான் இருக்கும். அந்தப் பொட்டு செத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியவை.

கேசட் ஓடவில்லை என்றால் நாம் எல்லாரும் செய்தது ஊதுவது. ஊதியதால் அது ஓடவில்லை. வெளியே எடுத்து மறுபடி சொருகியதால் முனைகள் நன்றாக உரசி ஓடியது. நம் மூச்சின் ஈரம் பட்டுப் பட்டு முனைகளில் களிம்புதான் ஏறியது. நான் இப்போது செய்வது இப்படி. கேசட்டைப் பிரித்துப் பலகையைத் தனியாக எடுத்துக்கொள்வேன். விளிம்பில் பக்கத்துக்கு முப்பதாக அறுபது தகடுகள் இருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேய்ப்பேன். ரப்பர் துகள் கறுப்பாக உதிரும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இரண்டு முறை துடைப்பேன். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்போது வேலை முடிந்தது. பித்தளை மாதிரி மங்கிக் கிடந்த தகடு மஞ்சளாக மின்னுவதைப் பார்க்கும் சுகத்துக்காகவே சில ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக ஓடும் கேசட்டையும் பிரித்துவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானில் டிவி நொடிக்கு 60 படம் காட்டும், நம் ஊர் முறையில் 50. நம் டிவிக்காக வந்த நகல் பெட்டிகளில் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பாட்டும் அப்படியே, சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் இழுவை. மரியோவின் அசல் வேகத்தை நான் கேட்டபோது எனக்கு முப்பது வயதுக்கு மேல். யாரோ அவசரப்பட்டு வாசிப்பது போல இருந்தது. இன்றைக்கும் என் காதுக்கு அந்த மெதுவான பாட்டுதான் மரியோ பாட்டு.

போனில் எமுலேட்டர், அதாவது பழைய கேம் பெட்டி மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள், போட்டால் இதெல்லாம் கிடைக்குமே என்று கேட்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. எமுலேட்டர் எழுதியவர்கள் இல்லையென்றால் அவற்றில் பல காணாமலே போயிருக்கும். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆட்டத்தின் நிரலைக் காப்பியெடுத்துப் பத்திரப்படுத்தலாம். பிக்சர் டியூபைக் காப்பியெடுக்க முடியாதே! இனி அதைச் செய்ய ஆலையும் இல்லை.

அதனால்தான் பழைய இரும்புக் கடை வாசலில் முகம் குப்புறக் கிடக்கும் பெட்டி டிவியைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காக அதை உடைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைப்பவருக்கும் மண்ணுக்கும் அது கேடு. அரசு கொடுத்த அந்த டிவிகள் மட்டுமே ஒரு கோடிக்கும் மேல். பாதி போயிருந்தாலும் மீதி எங்கோ பரணில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இரைச்சலோடு வந்தாலே டியூப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். படம் சுருங்கியோ நடுங்கியோ வந்தால் பெரும்பாலும் கண்டென்சர்தான், பழைய டிவி மெக்கானிக் யாராவது சில ரூபாய் உதிரியில் முடித்துவிடுவார். பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஓடும்போது அங்கே 20,000 வோல்ட்டுக்குக் குறையாது.

எங்கள் வீட்டு டிவி மறுபடி பரணுக்குப் போகவில்லை. கூடத்து மூலையில் ஒரு ஸ்டூல்மேல் இருக்கிறது. அக்கா மகள் பொங்கலுக்கு வருகிறாள். துப்பாக்கியின் ஒயர் ஒரு இடத்தில் விட்டுவிட்டுத் தொடுகிறது. அதற்குள் சால்டர் வைத்துவிட வேண்டும்.

வணக்கம்.