கதை தெரிந்த சனத்தை எழும்பவிடாமல் வைத்திருப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்த இசை நாடகங்களுக்குச் சனம் கதை தெரியாமல் போகவில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஒருமுறை பார்த்தவர்கள் திரும்பவும் பார்க்கப் போனார்கள். சுடலையில் நிற்பவன் அரிச்சந்திரன், பிள்ளையின் உடலோடு வருபவள் அவன் மனைவி சந்திரமதி என்பது பாயில் படுத்திருந்த சிறுவனுக்கும் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு அங்கே வேலையே இல்லை. நமக்குத் தெரிந்தது அந்த இருவருக்கும் எந்த வசனத்தில் தெரியவரப்போகிறது என்ற தவிப்புத்தான் சனத்தை இருத்தி வைத்தது. உச்சக் காட்சி எழுதுகிறவர் கையாள வேண்டியது அந்தத் தவிப்பை.

எழுதத் தொடங்க முதல் ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர்களை எழுதுங்கள். காட்சி தொடங்கும்போது யாருக்கு என்ன தெரியும், முடியும்போது என்ன தெரியும் என்று பக்கத்தில் குறியுங்கள். அவையோரையும் ஒரு பாத்திரமாகச் சேருங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தெரிந்திருந்தால் அந்தக் காட்சியில் எவ்வளவு கத்தினாலும் இறுக்கம் வராது. அடுத்து, சொன்னபின் மீளமுடியாத அந்த ஒரு வசனத்தை எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள்.

இதைக் கற்கச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை எடுங்கள். அது காப்பியத்தின் ஒரு பகுதிதான். ஆனாலும் எழுத்துருப் பயிற்சிக்குத் தமிழில் அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. கோவலன் குற்றமற்றவன் என்பதும் பொற்கொல்லனின் சூழ்ச்சியும் நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவன் பாண்டியன் ஒருவனே.

காதை கண்ணகியோடு தொடங்கவில்லை. கோப்பெருந்தேவி தீக்கனாவைச் சொல்கிறாள்: செங்கோலும் வெண்குடையும் சாய்கின்றன, வாயில் மணி நடுங்குகிறது. பிறகு வாயிலோன் வருகிறான். வந்திருப்பவள் கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று அடுக்கிக்கொண்டே போய், கையில் ஒற்றைச் சிலம்பு ஏந்தியவள், கணவனை இழந்தவள் என்று முடிக்கிறான். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அரசனை வீழ்த்தப்போகும் பொருள் சபைக்குள் வர முதலே சொல்லாக வந்துவிட்டது. உச்சத்தில் பயன்படும் பொருளை இப்படி முன்கூட்டியே அவையின் காதில் போட்டு வைக்கவேண்டும். கடைசி நிமிடத்தில் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினால் அது வெறும் வித்தை.

நீ யார் என்று அரசன் கேட்கிறான். "தேரா மன்னா" என்று தொடங்கும் மறுமொழி பத்து வரிக்கு மேல் நீள்கிறது. புறாவுக்காகத் தன்னைக் கொடுத்த சோழன், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன், புகார், கோவலனின் குடி, கொலைக்களம் எல்லாம் வந்து, தன் பெயரை ஆகக் கடைசியில்தான் சொல்கிறாள். அதன் பிறகு பேச்சு சட்டென்று குறுகுகிறது. கள்வனைக் கொல்வது கடுங்கோல் அல்ல என்கிறான் அவன். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எங்களுடையது முத்து என்கிறான். கொண்டுவந்து வைக்கிறார்கள். அவள் உடைக்கிறாள். மணி அவன் வாய்ப்பக்கம் தெறிக்கிறது. நீண்ட பேச்சு, குறும்பேச்சு, பிறகு பேச்சே இல்லாத ஒரு செயல். இந்தக் குறுகல்தான் மூச்சை இறுக்குகிறது. மேடைக்கு எழுதும்போது, உடைக்கும் இடத்தில் வசனம் எதுவும் வைக்காதீர்கள்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. "முத்து" என்று சொல்லித் தனக்கெதிரான சாட்சியைத் தருபவன் அரசனே. அவள் சொன்னது நல்ல சொல் என்று மெச்சி, சிலம்பைக் கொண்டுவரச் சொல்பவனும் அவனே. கொடியவனாக இருந்திருந்தால் அவளை வெளியே தள்ளியிருப்பான், காட்சியும் நடந்திராது. நம் எழுத்துருக்கள் பலவற்றில் பாண்டியன் மீசை முறுக்கும் வில்லனாக வருகிறான். அவன் நேர்மையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது துன்பியல் அல்ல, தண்டனைக் கதை.

மயான காண்டம் வேறு வழியில் போகிறது. சுடலை காக்கும் அரிச்சந்திரனிடம் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் தராமல் பிணத்தை எரிக்க முடியாது. தடை எவ்வளவு சிறியது பாருங்கள்! கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைக் கண்டு அவன் அவளை இனங்காண்கிறான். சாதாரண எழுத்தாளர் அங்கே கட்டிப்பிடித்து அழவைத்து இறுக்கத்தை அவிழ்த்துவிடுவார். இங்கே அவன் அறிந்த பிறகும் கூலியைக் கேட்கிறான். இனி இருவருக்கும் எல்லாம் தெரியும், தடை மட்டும் அப்படியே நிற்கிறது.

கிரேக்க நாடகாசிரியர் சொபோக்கிளிசின் ஈடிப்பசு நாடகத்தில் கொரிந்துத் தூதன் நல்ல செய்தி சொல்லத்தான் வருகிறான். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற தெய்வவாக்கால் வந்த அரசன் ஈடிப்பசின் பயத்தைத் தீர்க்கத் தூதன் சொல்வதே அரசனின் பிறப்பை வெளிக்கொண்டுவரத் தொடங்குகிறது. அரிசுடோட்டில் தலைகீழ்த் திருப்பத்துக்கு எடுத்துக்காட்டியதும் இந்த இடத்தைத்தான். தன் கணவனான ஈடிப்பசு தான் பெற்ற மகனே என்பதை, அவனுக்கு முதல் யொகாசுடா விளங்கிக்கொண்டு, கேட்காதே என்று கெஞ்சுகிறாள். தான் தாழ்ந்த குடியில் பிறந்தவனாக இருக்கலாம் என்பதற்கு அவள் வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைக்கிறான். முதலில் சொன்ன தாளை இந்தக் காட்சிக்கு நிரப்பிப் பாருங்கள். மேடையில் நிற்கும் மூவருக்கும் மூன்று அளவு தெரியும்.

பாடசாலைப் போட்டி நாடகங்களில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். நடிகர் முதல் வரியிலேயே உச்சக் குரலுக்குப் போய்விடுவார், பிறகு ஏற இடமிராது. ஓகனில் சோக இசை வசனத்துக்கு முந்தி வந்து சேதியைச் சொல்லிவிடும். இசையை வசனத்துக்குப் பின்னால் தள்ளுங்கள், முடிந்தால் எடுத்தேவிடுங்கள். மூன்றாவது, உச்சம் முடிந்தபின் வரும் புலம்பல். இசை நாடகத்தில் புலம்பல் பாட்டாக வருகிறது, அது அந்த வடிவத்தின் மரபு. அதையே வசன நாடகத்தில் இரண்டு பக்க உரையாக எழுதினால் சனம் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். "யானோ அரசன், யானே கள்வன்" என்ற பிறகு பாண்டியன் பேசுவது இரண்டொரு வரிதான், விழுந்துவிடுகிறான். ஒத்திகையில் உச்ச வசனத்துக்குப் பின்னுள்ள வரிகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி நடத்திப் பாருங்கள். எந்த வரியை எடுத்தால் என்ன நடந்தது என்று அவைக்கு விளங்காமல் போகிறதோ, அந்த வரியோடு வெட்டுவதை நிறுத்தலாம்.