வெளியுறவு அதிகாரியை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

சரி, அடுத்த கேள்வி. “2015-ல் வெளியுறவுச் செயலாளர் சுஜாதா சிங்கை டிஸ்மிஸ் செய்தார்களே, ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரியை அப்படி ஒரே நாளில் அனுப்பிவிட முடியுமா, பென்ஷனும் போய்விடுமா?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அது டிஸ்மிஸ் இல்லைங்க. இரண்டு வருடப் பதவிக்காலத்தில் அவருக்கு இன்னும் ஏழு மாதம் போல பாக்கி இருந்தது, ஜனவரி 28-ம் தேதி அதை உடனடியாகக் குறைத்து உத்தரவு போட்டார்கள், அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்த ஜெய்சங்கர் அந்த நாற்காலிக்கு வந்தார். பதவி போனது, பென்ஷனில் கை வைக்கவில்லை. 1987-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. டெல்லியில் பத்திரிகையாளர் சந்திப்பு, வெளியுறவுச் செயலாளர் ஏ.பி. வெங்கடேஸ்வரன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பாகிஸ்தான் நிருபர் ஒருவர் கேட்ட கேள்விக்கு, சீக்கிரமே புதிய செயலாளர் வருவார் என்று ராஜீவ் காந்தி சொல்லிவிட்டார். வெங்கடேஸ்வரன் ராஜினாமா செய்தார். செயலாளரை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதைச் சபையில் வைத்தா சொல்வது?

டிஸ்மிஸ் என்பது வேறு. குற்றச்சாட்டு இன்னதென்று எழுதிக் கொடுத்து, விசாரணை வைத்து, அவர் தரப்பைக் கேட்காமல் நீக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு. கிரிமினல் வழக்கில் தண்டனை, நாட்டின் பாதுகாப்பு மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. டிஸ்மிஸ் ஆனால் பார்த்த சர்வீஸ் முழுக்க அடிபடும், பென்ஷனும் போகும்.

நடுவில் ஒன்று இருக்கிறது, மத்திய அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 56-ஜே, கட்டாய ஓய்வு. 35 வயதுக்கு முன்பே சேர்ந்த குரூப் ஏ, அதாவது உயர்நிலை அதிகாரியை 50 வயது ஆனதும் ‘பொதுநலன் கருதி’ மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தோ, மூன்று மாதச் சம்பளம் கொடுத்தோ அனுப்பலாம். பென்ஷன் உண்டு, விசாரணை கிடையாது. இது தண்டனையே இல்லை, அதனால் விளக்கம் கேட்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 1992-ல் சொல்லிவிட்டது. எனக்கு இதில்தான் மனசு ஒப்பவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச வாய்ப்பு இருக்கிறது, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாதவருக்கு அது இல்லை. உள்நோக்கத்தோடு போட்ட உத்தரவு, ஆதாரமே இல்லாத உத்தரவு என்று காட்ட முடிந்தால் கோர்ட் தலையிடும். அதற்கு முன்பு, நோட்டீஸ் கிடைத்த மூன்று வாரத்துக்குள் அரசுக்கே முறையீடு எழுதலாம், அந்தக் கெடுவை மட்டும் விட்டுவிடக் கூடாது.