மார்ட்டினாவை வளர்த்தது பிறந்த மண்ணே

நடுவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவாவை உருவாக்கியது பிறந்த மண்ணா, புகுந்த மண்ணா?' இதுதான் இன்றைய தலைப்பு. 18 வயதில் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர். 332 வாரங்கள் உலகின் முதல் இடத்தில் இருந்தவர். அவரை வளர்த்தது பிறந்த மண்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை மிக அழகாகப் பேசினார். "கிராண்ட் ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளில் அவர் வாங்கியது 59 பட்டம். அதில் 18 ஒற்றையர் பட்டம். அத்தனையும் அமெரிக்கா போன பிறகு வந்தவைதானே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலும் பலமாக இருந்தது. ஒற்றையர் பட்டங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் 59-ஐயும் ஒன்றுவிடாமல் எண்ணிப் பாருங்கள். 1974-இல் கொலம்பியாவின் இவான் மோலினாவோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டம். 1975-இல் கிறிஸ் எவர்ட்டோடு சேர்ந்து அதே பிரெஞ்சு ஓப்பனில் மகளிர் இரட்டையர் பட்டம். இரண்டையும் வாங்கியபோது அவர் கையில் இருந்தது செக்கோஸ்லோவாக்கியாவின் கடப்பிதழ். அதே 1975-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டம், பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டம், அப்புறம் நாடுகளுக்கிடையிலான மகளிர் அணிப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா முதன்முதலாக வென்ற பெடரேஷன் கோப்பை. இவ்வளவும் முடிந்த பிறகுதான், அந்த செப்டம்பரில், அவர் அமெரிக்காவில் தங்கிவிட முடிவெடுத்தார். தட்டுத்தடுமாறி நடை பழகும் குழந்தையை அமெரிக்கா தூக்கி வளர்க்கவில்லை, நடுவர் அவர்களே. ஓடிக்கொண்டிருந்த குதிரைதான் அங்கே போனது.

தோட்டத்துக்காரர்களுக்கு டென்னிஸைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது நினைக்கலாம். என் அப்பா சின்ன வயதில் துரை பங்களா டென்னிஸ் களத்தில் பந்து பொறுக்கியவர். காலையில் தாத்தாவோடு பால்மரத்துக்குப் போவார், கோப்பை துடைத்துக் கொடுப்பார், பள்ளிக்கூடம் போவார். மாலை நான்கு மணிக்குப் பந்து பொறுக்க ஓடுவார். மேலிருக்கும் மஞ்சள் கம்பளியெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது, வெள்ளைப் பந்துதான். அது தேய்ந்து மொட்டையானதும் துரை பையன்களுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார். ஒருநாள் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பையன்கள் சேர்ந்து பால் வெட்டுகிற கத்தியால் ஒரு பந்தை இரண்டாக அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் கித்தா, அதாவது ரப்பர். மோந்து பார்த்தால் ஆலை வாடை. "நம்ம பாலுதாண்டா இது" என்று கத்தினார்களாம். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கையில் பந்து இருப்பது போலவே விரலை மடக்கிக் காட்டுவார். மேலே போர்த்திய துணியை எந்த ஊரில் வேண்டுமானாலும் போர்த்தலாம். துள்ளுவது உள்ளே இருக்கும் பால். அந்தப் பால் எங்கே வடிந்தது என்பதுதான் என் அணியின் பேச்சு.

மார்ட்டினா பிறந்தது 1956 அக்டோபர் 18, பிராக் நகரில். வளர்ந்தது பிராகுக்குப் பக்கத்தில் ரெவ்னிட்சே என்ற சிற்றூரில். அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டு முன்பு, 1948. அந்த ஆண்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஜூன் 16-ஆம் தேதி இங்கே தோட்டங்களில் மூன்று துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்தின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அவசரகாலம் பிறந்தது. நம் தாத்தா பாட்டிகள் கம்பிவேலிக்குள் போனார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் அங்கே கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. மார்ட்டினாவின் அம்மா வழிக் குடும்பத்துக்கு இருந்த நிலபுலன் பறிபோனது. சொந்த வீட்டிலேயே ஓர் அறைதான் மிஞ்சியது. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு டென்னிஸ் களம். ஒரு காலத்தில் அவர்களுடையதாக இருந்த களம்.

அந்த அறையில்தான் பிள்ளை வளர்ந்தது. பாட்டி போருக்கு முன்பு தேசிய அளவில் ஆடியவர். அம்மாவும் ஆடுவார். அம்மாவின் இரண்டாவது கணவர் மிரோஸ்லாவ் நவ்ரத்தில், இந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டு முதல் பயிற்சியாளராக நின்றார். நான்கு வயதில் பாட்டியின் பழைய மரமட்டையை வைத்துக்கொண்டு சுவரில் பந்தடித்த குழந்தை. மட்டை கனம், கை சின்னது. சுவர் மட்டும் அலுக்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கும். எதிரணி நண்பர்களே, அந்தச் சுவர் அமெரிக்காவின் டெக்சாஸில் இல்லை.

பிறகு பிராகில் ஜிரி பார்மா என்ற நல்ல பயிற்சியாளர் கிடைத்தார். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் நுழைந்தன. வெளிநாட்டில் இருந்த பார்மா திரும்பி வரவில்லை. பிள்ளைக்கு அப்போது 11 வயது. மறுபடியும் அப்பா மட்டையை எடுத்தார். 15 வயதில் அவள் தேசியச் சாம்பியன்.

இனி எதிரணியின் வலுவான கேள்விக்கு வருகிறேன். "அவ்வளவு நல்ல மண் என்றால் ஏன் விட்டுப் போனார்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த நாட்டு டென்னிஸ் சங்கம் அவரை எங்கே ஆடலாம், எங்கே ஆடக்கூடாது என்று கட்டிப்போட்டது. அமெரிக்க மோகம் பிடித்துவிட்டது என்று குற்றம் சாட்டியது. 1975 அமெரிக்க ஓப்பனுக்கே கடைசிவரை இழுத்தடித்துத்தான் அனுமதி கொடுத்தது. அரையிறுதியில் எவர்ட்டிடம் தோற்ற பிறகு, அந்தப் பெண் நியூயார்க்கில் குடிநுழைவு அலுவலகத்தில் போய் நின்றார். 18 வயது. திரும்பிப் போனால் வெளியே வரமுடியாது, போகாவிட்டால் அம்மாவைப் பார்க்கமுடியாது. செக்கோஸ்லோவாக்கியா அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1981-இல் அமெரிக்கா கொடுக்கும்வரை அவருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை.

இந்த இடத்தில் என் அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்டமுடியவில்லை. அவர் பிறந்தது இங்கேதான், பக்கத்துத் தோட்டத்து லயத்தில். பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தெரியவில்லை. கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். அதை ஒரு மைலோ டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருப்பார். எத்தனையோ முறை மனுப் போட்டோம். ஓர் அலுவலகத்தில் இன்னொரு தாள் கேட்பார்கள், அதைக் கொண்டுபோனால் வேறொரு தாள் கேட்பார்கள். தேர்தல் நாளில் எங்களுக்கு முன்னால் குளித்துவிடுவார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, எங்களோடு பள்ளிக்கூட வாசல்வரை நடந்து வருவார். நாங்கள் வரிசையில் நிற்போம், அவர் வெளியே அங்சானா மரத்தடியில் நிற்பார். நாங்கள் வெளியே வந்ததும் எங்கள் விரலைப் பிடித்துப் பார்ப்பார். குடிமக்களுக்கான நீல அட்டை கொடுக்காதது ஓர் அலுவலக மேசை. மண் அவரைத் தள்ளவில்லை. 60 ஆண்டு அவர் நட்டதெல்லாம் இந்த மண்ணில் முளைத்தது.

மண் வேறு, அதை ஆள்பவர்கள் வேறு. மார்ட்டினாவைத் தள்ளியது ஓர் ஆட்சி. ஆட்சி செய்த தப்பை மண்ணின் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் எதிரணியைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, புகுந்த மண் என்ன செய்தது? போன அடுத்த ஆண்டைப் பாருங்கள். 1976 அமெரிக்க ஓப்பனில் ஜேனட் நியூபெரியிடம் முதல் சுற்றிலேயே தோற்று, களத்தில் எல்லோர் முன்னாலும் தேம்பி அழுதார். உடல் எடை ஏறியிருந்தது. கண்டதைச் சாப்பிட்டதும் உண்டு, தனிமையும் உண்டு. 20 வயதுகூட ஆகாத பிள்ளை. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, போனில் குரல் கம்மியிருக்கிறதே என்று தவித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். வசதி அத்தனையும் இருந்த நாட்டில்தான் அவர் சாய்ந்தார். வசதி மட்டும் ஆளை உருவாக்கும் என்றால் 1976-இலேயே உருவாக்கியிருக்கவேண்டுமே!

அமெரிக்கா கொடுத்ததை நான் மறைக்கவில்லை. 1981-க்குப் பிறகு கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மன் அவரை வாட்டி எடுத்து உடலை இரும்பாக்கினார். 1983-இல் 87 ஆட்டம் ஆடி ஒன்றில்தான் தோற்றார். அதெல்லாம் புகுந்த வீட்டுச் சீர். ஆனால் அடித்த பந்தின் பின்னாலேயே வலைக்குப் பாய்கிற அந்த ஆட்டம் இருக்கிறதே, அதைக் கொண்டுதான் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே போய்க் கற்றதில்லை.

பேரையும் பாருங்கள். பிறந்தபோது அவர் ஷூபெர்ட்டோவா. வளர்த்த அப்பா நவ்ரத்தில் என்பதால் செக் மொழி வழக்கப்படி நவ்ரத்திலோவா ஆனார். அமெரிக்கக் குடிமகள் ஆன பிறகும் அந்த 'ஓவா'வைக்கூட வெட்டவில்லை. விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் மட்டும் ஒன்பது முறை. ஒன்பது முறையும் அந்த மைதானம் கேட்டது, சிற்றூரில் சுவரோரம் நின்று பந்து போட்டுக்கொடுத்த அந்த மனிதரின் பெயரை.

1979 விம்பிள்டனுக்கு அவருடைய அம்மாவை வர அனுமதித்தார்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டு கழித்து அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா பார்த்திருக்க மகள் பட்டம் வென்றார். அந்த ஆண்டுக் கடைசியில் பெற்றோரும் தங்கையும் அமெரிக்காவில் மகள் இருந்த டல்லஸுக்கே குடிவந்தார்கள். சில மாதங்களில் திரும்பிப் போய்விட்டார்கள். மகளோடு மனத்தாங்கலும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உலகச் சாம்பியனின் வீட்டில் இருக்கலாம் என்ற நிலையிலும் அவர்கள் ரெவ்னிட்சேக்குத்தான் போனார்கள்.

இன்னொரு கணக்கு. மார்ட்டினா ஒருவர் மட்டும் என்றால் அது தற்செயல் என்று நானே ஒப்புக்கொள்வேன். செக்கோஸ்லோவாக்கியா பிரிந்து உண்டான இன்றைய செக் நாட்டில் ஒரு கோடிக்குச் சற்று அதிகமான மக்கள்தான். நம் மலேசியாவின் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சின்ன நாட்டிலிருந்து விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை 1998-இல் யானா நவோட்னா வென்றார். 2011-லும் 2014-லும் பெட்ரா கிவிட்டோவா. 2023-இல் மார்கெட்டா வொண்ட்ருசோவா. 2024-இல் பார்போரா கிரெஜ்சிகோவா. கிவிட்டோவா ஃபுல்னெக் என்ற சின்ன ஊரில் அப்பாவிடம் பந்தடிக்கக் கற்றவர். சின்னப் பிள்ளையில் அவருக்கு முன்னுதாரணம் யார் தெரியுமா? மார்ட்டினா. ஊருக்கு ஊர் ஒரு டென்னிஸ் மன்றம், சிவப்புச் செம்மண் களம், மட்டை பிடித்துக்கொடுக்க ஓர் அப்பாவோ பாட்டியோ. இந்த விளைச்சலுக்குப் புகுந்த மண் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிடம் கொடுங்கள், 1986-ஐச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அந்த ஆண்டு ஜூலையில் பெடரேஷன் கோப்பைப் போட்டி பிராகில் நடந்தது. ஆற்று நடுவே ஒரு தீவில் புது அரங்கம் கட்டியிருந்தார்கள். 11 ஆண்டு கழித்து மார்ட்டினா சொந்த மண்ணை மிதிக்கிறார், அமெரிக்க அணியின் உடையில். அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. களத்தில் இருந்த அதிகாரி, இடப்பக்கம் இருப்பவர் அமெரிக்க வீராங்கனை என்று மட்டும் அறிவித்தார். இறுதிச் சுற்றில் எதிரே நின்றது செக்கோஸ்லோவாக்கியாவேதான். சொந்த நாட்டு ஹானா மண்ட்லிகோவாவை அவர் தோற்கடித்தார். கோப்பை அமெரிக்காவுக்குப் போனது.

தோற்றது தங்கள் நாடு, நடுவர் அவர்களே. நாடு கடந்து போனவள் என்று ஆட்சி முத்திரை குத்திய பெண்தான் ஜெயித்தவர். அந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் அழுதார். ஒலிபெருக்கியில் அவர் பெயர் வரவே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

நன்றி, வணக்கம்.