சித்தப்பாவை விழுங்கிய தாய்மாமன்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

வாசலில் ஒரு சிறுமி "அங்கிள், கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். என் நரையைப் பார்த்துத்தான் சொன்னாளோ என்னவோ, தன்னை அறியாமலே என்னைக் 'குட்டித் தாத்தா' என்று கூப்பிட்டுவிட்டாள்.

லத்தீனில் 'அவுஸ்' என்றால் தாத்தா. அதைச் செல்லமாகச் சின்னதாக்கிச் சொன்னால் 'அவுங்குலுஸ்', குட்டித் தாத்தா. அங்கிளின் மூதாதை அதுதான். ஆனால் ரோமில் அந்தப் பெயர் தாயுடன் பிறந்தவருக்கு மட்டுமே உரியது. தந்தையுடன் பிறந்தவர் 'பத்ருவுஸ்'. நம் சித்தப்பாவுக்குள் அப்பா உட்கார்ந்திருப்பதுபோல, அந்தச் சொல்லுக்குள் 'பத்தேர்', அதாவது தந்தை, உட்கார்ந்திருக்கிறார். அத்தைக்கு 'அமித்தா', சின்னம்மா பெரியம்மாவுக்கு 'மாத்தெர்த்தெரா'. பழைய அகராதிக்காரர் பெஸ்துஸ் இந்தக் கடைசிச் சொல்லுக்கு 'இன்னொரு தாய்போல' என்று விளக்கம் தருகிறார். ஆங்கிலப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் படம் போட்டுக் காட்ட வேண்டும். உங்களுக்குத் தேவையில்லை.

பாவம், பத்ருவுஸுக்கு ஊரில் நல்ல பேர் இல்லை. கண்டிப்புக்காரர், வாயைத் திறந்தால் வசவு. கவிஞர் ஹொராஸின் ஒரு வரி, 'என்னிடம் சித்தப்பா வேலை காட்டாதே' என்கிற தொனியில் வரும். கி.மு. 56-இல் கேலியுஸ் என்ற இளைஞருக்காக நீதிமன்றத்தில் வாதாடிய பேச்சாளர் சிசரோ, எதிர்த்தரப்பில் உபதேசம் பண்ணியவரைக் கடுகடுத்த பத்ருவுஸ் என்று கிண்டலடித்தார்.

அவுங்குலுஸ் கதை வேறு. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, ஆட்களை மீட்கக் கப்பலில் போன ரோமானிய அறிஞர் மூத்த பிளினி திரும்பவில்லை. அவர் தம் உயிலில் உடன்பிறந்தாள் மகனைத் தத்தெடுத்திருந்தார். ஆக, சட்டப்படி அவர் தந்தை. ஆனாலும் அந்தப் பிள்ளை, இளைய பிளினி, பிற்பாடு வரலாற்றாசிரியர் தாசிதுஸுக்கு அந்த மரணத்தைப் பற்றி எழுதும்போது 'என் அவுங்குலுஸ்' என்றே தொடங்குகிறார். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். தந்தை என்று எழுத உரிமை இருந்தும், மாமா என்றே வருகிறது.

காலப்போக்கில் பேச்சு லத்தீனிலிருந்து பத்ருவுஸ் உதிர்ந்தது. அவுங்குலுஸ் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சில் 'ஓங்க்ள்' ஆகி, ஆங்கிலத்துக்குப் போய், நம் அடுக்குமாடிக் குடியிருப்பு வரை வந்துவிட்டது. ஸ்பானியரும் இத்தாலியரும் கிரேக்கச் சொல்லொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். திட்டுகிறவர் பெயர் அழிந்து, கொஞ்சுகிறவர் பெயர் நிலைத்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது என் ஆசை, சான்று அல்ல.

சொல்லின் வேறுபாடு சட்டத்திலும் இருந்தது. கி.பி. 49-இல் பேரரசர் கிளாடியஸ், தம் அண்ணன் ஜெர்மானிக்குஸின் மகள் அக்ரிப்பினாவை மணக்க விரும்பினார். முறை கெட்ட செயல். செனட் சபை கூடி, அண்ணன் தம்பி மகளை மணக்கலாம் என்று வழிவிட்டது. அக்காள் தங்கை மகளுக்கு அந்தச் சலுகை இல்லை. சட்ட அறிஞர் காயுஸ் அடுத்த நூற்றாண்டிலும் அப்படித்தான் எழுதுகிறார். பத்ருவுஸ் மணக்கலாம், அவுங்குலுஸ் கூடாது! அக்காள் மகள் முறைப்பெண், அண்ணன் மகள் சொந்த மகள் என்றிருக்கும் நம் ஊருக்கு அப்படியே தலைகீழ்.

பேரரசர் காட்டிய வழியில் எத்தனை பேர் போனார்கள்? பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவெதோனியுஸ் கணக்குப்படி இரண்டே பேர். அதில் ஒருவர் கல்யாணத்துக்கு, கிளாடியஸே அக்ரிப்பினாவை அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார்.