மடி கட்டிய மாடு: வாய் திறக்காமல் சொல்லும் பொய்

[காட்சி: பொய்கை மாட்டுச்சந்தை, காலை நேரம். வரிசையாகக் கறவை மாடுகள்.]

குரல்: வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச்சந்தை கூடுகிறது. கறவை மாடு வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது மடியை. இது விற்கிறவருக்கும் நன்றாகத் தெரியும். முந்தின நாள் சாயந்திரமும் அன்று விடியற்காலையும் கறக்காமல் விட்டால், சுமாராகக் கறக்கிற மாடும் மடி பெருத்து, காம்பு விறைத்து, பால் சொட்டச் சொட்ட நிற்கும். விற்கிறவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பொய் சொன்னாரா?

ஏமாற்றினார், அது ஹராம், அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதில் இஸ்லாமியச் சட்ட இமாம்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

[காட்சி: மடி, அருகில்.]

ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் மடியில் பால் தேக்கி விற்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இது இருக்கிறது. தெரியாமல் வாங்கியவர் கறந்து பார்த்த பிறகு விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் பிராணியைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு ஸாஉ (பழைய அரபு முகத்தல் அளவு) பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும். முஸ்லிமில் வரும் ஓர் அறிவிப்பு இதற்கு 3 நாள் அவகாசம் தருகிறது. ஒரு ஸாஉ என்பது 4 முத்து; முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. மத்ஹபுக்கு (சட்டப் பள்ளிக்கு) ஏற்ப இரண்டரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் வரை கணக்கிடுகிறார்கள்.

ஏமாந்தவர் எதற்குப் பேரீச்சம்பழம் கொடுக்க வேண்டும்? விற்ற நேரத்தில் மடியில் இருந்த பால் விற்றவருடையது. கைமாறிய பிறகு ஊறிய பால் வாங்கியவருடையது. இரண்டும் ஒரே மடியில் கலந்துவிட்டன. எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சண்டைக்கே இடம் வைக்காமல் அளவை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டது ஹதீஸ். 3 நாளுக்கும் காரணம் உண்டு. முதல் கறவையில் வருவது தேக்கிய பால். அடுத்த கறவை குறைந்தால் இடம் மாறியது, தீனி மாறியது என்று சாக்குச் சொல்லலாம். மூன்றாம் நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஷாஃபி, மாலிக், அஹ்மத் ஆகிய இமாம்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இமாம் அபூ ஹனீஃபா இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் பிராணியைத் திருப்ப இடம் தரவில்லை. வட ஆர்க்காட்டில் அவரைப் பின்பற்றும் ஹனஃபிகள் நிறைய இருப்பதால், வழக்கு என்று வந்தால் தங்கள் மத்ஹப் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுச் செய்வதே சரி.

[காட்சி: தானியக் குவியல். அதற்குள் நுழையும் கை.]

குரல்: மதீனாவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. "மழையில் நனைந்துவிட்டது" என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் அல்ல என்றார்கள். மழை அவர் குற்றமில்லை. நனைந்த தானியத்தை விற்பதும் குற்றமில்லை. அதைக் காய்ந்ததற்கு அடியில் வைத்ததுதான் குற்றம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் வியாபாரத்தில் இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டாம். கட்டின் மேலே தழும்பில்லாத தோல், நடுவில் கத்தி வெட்டுப் பட்டது. தோல் கெடாதிருக்கப் போட்டு, எடைக்கு வைக்கும்போது உதறாமல் விட்ட உப்பு. உப்பு எடையைத் தோல் எடையாக விற்பது அளவில் மோசடி. குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் தொடங்குவதே அப்படிப்பட்டவர்களுக்கான எச்சரிக்கையோடுதான்.

[காட்சி: துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் இருவர்.]

விலைப் பேச்சிலும் பொய் நுழைகிறது. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரைத் தரகர் செட்டப் செய்து விலையை ஏற்றிவிடுவது நஜ்ஷ்; ஹதீஸில் நேரடியாகத் தடை உண்டு. "அல்லாஹ் மேல ஆணையா, எனக்கே அடக்கம் இவ்வளவு" என்று சத்தியம் செய்தால் சரக்கு போகும், பரக்கத் (இறையருள் வளம்) அழியும் என்கிறது இன்னொரு ஹதீஸ். அடக்கத்தைச் சொல்லி அதன் மேல் லாபம் வைத்து விற்பது முராபஹா. 1,000 ரூபாய் அடக்கத்தை 1,200 என்று சொல்லி 10 சதவீத லாபத்தோடு 1,320 வாங்கினால், பொய் தெரிந்தபின் ஷாஃபி மத்ஹபில் 200-ம் அதற்கான லாபம் 20-ம் கழியும். விலை 1,100 ஆகும். ஹனஃபி மத்ஹபில், வாங்கியவர் பேரத்தையே ரத்து செய்யலாம்.

[காட்சி: காகிதத்தில் கணக்கு.]

குரல்: மறைத்த குறை பிறகு தெரியவந்தால் என்ன செய்வது? முதலில், பொருளைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: குறை தெரிந்தும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள், திருப்பும் உரிமை போய்விடும். ஷாஃபி மத்ஹபில் தாமதமே கூடாது, தெரிந்தவுடன் திருப்ப வேண்டும். குறை உங்கள் கைக்கு வந்தபின் உண்டானதல்ல என்பதற்கு விஷயம் தெரிந்தவர்களைக் காட்டிச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வந்தபின் புதிதாக வேறு குறையும் சேர்ந்துவிட்டால், விற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது, நஷ்டத்தைக் கேட்கலாம். குறையில்லாத மாட்டின் மதிப்பு 60,000, குறையோடு 45,000 என்றால் வித்தியாசம் நான்கில் ஒரு பங்கு. நீங்கள் கொடுத்தது 52,000 என்றால், அதில் நான்கில் ஒன்று, அதாவது 13,000 திரும்பி வரவேண்டும். 15,000 அல்ல; கணக்கு நீங்கள் கொடுத்த விலையின் மேல்தான்.

[காட்சி: சந்தையை விட்டு மாட்டை ஓட்டிச் செல்பவர். பின்னால் ஒருவர் வேகமாக வருகிறார்.]

குரல்: கடைசியாகத் தரகர்களுக்கும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும். முஸ்னது அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. ஒட்டகம் வாங்கிக்கொண்டு போனவரை நபித்தோழர் வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) விரட்டிப் பிடித்து, "இதன் குறையைச் சொன்னார்களா?" என்று கேட்டார்கள். "கொழுத்த ஒட்டகம், என்ன குறை?" என்றார் அவர். பயணத்துக்கா கறிக்கா என்று கேட்டபோது, ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்றார். "அப்படியானால் திருப்பிவிடுங்கள், குளம்பில் ஓட்டை இருக்கிறது" என்றார்கள். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக விற்றவருக்கு வருத்தம். குறை தெரிந்தவர் சொல்லாமல் இருப்பது ஆகுமானதல்ல என்ற நபிமொழிதான் அவருக்குக் கிடைத்த பதில்.

கறிக்கு வாங்கியிருந்தால் குளம்பு ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. அதனால் சந்தையில் மாட்டைக் காட்டுவதற்கு முன்னால் கறவைக்கா, உழவுக்கா, கறிக்கா என்று கேட்டுவிடுங்கள். எந்தக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.